பூக்கடைப் பேரேட்டில் தலைகீழாக நின்ற பாக்கிப் பட்டியல்: தசம எண்களை பைட் வரிசைக்குக் கொண்டுவருதல் – நிகழ்வு ஆய்வு

சூழல்

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடை. திருமங்கலம், உசிலம்பட்டி, சிலைமான் பக்கமிருந்து விடியுமுன்பே மல்லி, பிச்சி, சம்பங்கி மூட்டைகள் வந்திறங்கும். தராசில் ஏற்றி, சிட்டை போட்டு, விற்றபின் கமிஷன் கழித்து விவசாயி கணக்கில் வரவு வைப்பார்கள். மருந்து, உரம், பறிகூலி என்று விவசாயி ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருப்பார், அது பற்று. அதனால் நிலுவை இரண்டு பக்கமும் போகும். கடை தரவேண்டியிருந்தால் பிளஸ், விவசாயி தரவேண்டியிருந்தால் மைனஸ்.

கணக்கு ஓடுவது ஒரு சாதாரண டேப்லெட்டில். தகவல் இருப்பது கீ–வேல்யூ வகைக் கிடங்கில்: ஒவ்வொரு பதிவுக்கும் தேடுவதற்கு ஒரு கீ (சாவி), அதன் விவரமாக ஒரு வேல்யூ; பதிவுகள் கீயின் வரிசையில் அடுக்கப்படும். இந்த வகையைச் சேர்ந்த லெவல்டிபி, ராக்ஸ்டிபி, எல்எம்டிபி ஆகிய மூன்றுமே இயல்பு நிலையில் கீயை எண்ணாகப் பார்ப்பதில்லை. வெறும் பைட் தொடராகப் பார்த்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்டு, முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அதை முன்னால் வைக்கும். சி மொழியில் பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் என்ற கட்டளை செய்வதும் இதேதான். பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை. அதில் மைனஸ் கிடையாது.

கடைக்காரருக்குத் தேவை மூன்று. அதிக பாக்கி வைத்திருப்பவர் முதலில் வரும் பட்டியல். “5,000 ரூபாய்க்கு மேல் பாக்கி” என்று கேட்டால் அந்தத் துண்டு மட்டும். இரண்டு நாள் விலைகளை வரிசையாகப் பார்க்கும் வசதி. முதல் நாளே மூன்றும் தவறாக வந்தன. கடை, விவசாயிகள் பற்றிய விவரங்களை இங்கே விட்டுவிட்டோம். எண்களை விளக்கத்துக்காக எளிமையாக்கியிருக்கிறோம். பிழைகளும் பைட்டுகளும் அப்படியே உள்ளன.

முதல் பிழை: எழுத்தாக வைத்த எண்

முதல் பதிப்பில் நிலுவையை எழுத்துத் தொடராகவே கீயில் வைத்திருந்தார்கள். “10” என்பது “9”-க்கு முன்னால் வந்தது, ஏனென்றால் 1 என்ற எழுத்தின் குறியீடு 49, 9 என்பதன் குறியீடு 57. இது எல்லோருக்கும் தெரிந்த பிழைதான். வழக்கமான வைத்தியமாக முன்னால் பூஜ்யம் நிரப்பி “0000009.00”, “0000010.00” என்று ஒரே நீளமாக்கினார்கள். பிளஸ் பக்கம் சரியானது.

மைனஸ் பக்கம்தான் தலைகீழாக நின்றது. “-000003.00” என்பதும் “-000004.00” என்பதும் ஒப்பிடப்படும்போது மைனஸ் குறி இரண்டிலும் ஒன்றே, அடுத்து 3, 4-ஐவிடச் சிறியது. எனவே -3 முதலில், -4 பிறகு. உண்மையில் -4 தான் சிறியது. அதிக பாக்கிக்காரர் முதலில் வரவேண்டிய பட்டியலில், இரண்டு ரூபாய் பாக்கிக்காரர் உச்சியில் உட்கார்ந்திருந்தார். பட்டியலைத் திருப்பிப் போட்டால் மைனஸ் சரியாகும், பிளஸ் கெடும். பாதிக்குப் பாதி எப்போதும் தவறு.

இதில் இன்னொரு சின்ன ஆபத்து: பழைய பதிவுகளில் சிலவற்றில் “1,00,000” என்று காற்புள்ளி இருந்தது. காற்புள்ளியின் குறியீடு 44; எல்லா இலக்கங்களையும்விடச் சிறியது. அப்படிப்பட்ட ஒரு பதிவு எங்கே போய் உட்காரும் என்று ஊகிக்கவே முடியாது.

இரண்டாம் முயற்சி: மிதவைப் புள்ளி எண்

அடுத்து நிலுவையை டபுள் என்ற மிதவைப் புள்ளி வகைக்கு மாற்றினார்கள். ஐ-ட்ரிபிள்-இ 754 தரத்தின் 64 பிட் எண்: 1 பிட் குறி, 11 பிட் அடுக்கு, 52 பிட் பின்னப் பகுதி. இந்த அமைப்பில் பாராட்ட வேண்டிய ஒரு தன்மை உண்டு. பிளஸ் எண்களின் பிட்டுகளை அப்படியே முழு எண்ணாகப் படித்தாலும் வரிசை மாறாது, ஏனென்றால் அடுக்கு முன்னாலும் பின்னம் பின்னாலும் இருக்கிறது. பிளஸ் எண் என்றால் குறி பிட்டை மட்டும் திருப்பு, மைனஸ் எண் என்றால் 64 பிட்டையும் திருப்பு, பெரிய பைட் முதலில் வரும்படி எழுது. இந்த மூன்று வரியில் டபுள் எண்கள் மெம்கம்ப் வரிசைக்கு வந்துவிடும். அளவீட்டுக் கருவிகளின் தரவுக்கு இதுவே போதும். அங்கே இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

பணத்துக்குப் போதாது. வரிசை சரியாக வந்தது, சமம்தான் கெட்டது. 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளில் கூட்டினால் 0.30000000000000004 வரும். முப்பது பைசா நிலுவை என்று தேடினால் அந்தக் கணக்கு கிடைக்காது, ஏனென்றால் கீயின் கடைசி பைட் வேறு. 1.005-ஐ இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 1.01 வராமல் 1.00 வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது 1.00499999… என்ற எண். கணக்குப்பிள்ளை கையால் போட்ட கூட்டலும் டேப்லெட் காட்டும் கூட்டலும் ஒரு பைசா விலகினால், அன்றைக்குப் பிறகு அந்த டேப்லெட்டை யாரும் நம்ப மாட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது.

ஏன் இப்படி என்பதை நம் பழைய பின்னங்களை வைத்தே பார்க்கலாம். அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை 1/2, 1/4, 1/8, 1/16. கீழே இருப்பவை எல்லாம் இரண்டை மட்டுமே திரும்பத் திரும்பப் பெருக்கி வந்தவை. இரும எண்ணில் மிச்சமின்றி அடங்கும். மா, காணி, முந்திரி ஆகியவை 1/20, 1/80, 1/320. இவற்றின் கீழே ஐந்து என்ற காரணி ஒளிந்திருக்கிறது. தசமத்தில் 0.05, 0.0125, 0.003125 என்று முடிந்துவிடும் இவை, இரும எண்ணில் முடிவதே இல்லை. பைசாவும் நூறில் ஒன்று. நூறிலும் ஐந்து இருக்கிறது. 0, 25, 50, 75 பைசாவைத் தவிர மற்ற எந்தப் பைசாவும் டபுளில் துல்லியமாக நிற்காது.

மூன்றாம் முயற்சி: பைசாவில் முழு எண்

நிலுவையை நூறால் பெருக்கி, பைசாவாக, 64 பிட் முழு எண்ணாக வைப்பது. பெரும்பாலான கணக்கு மென்பொருளுக்கு இதுதான் சரியான விடை. கீழே வருவதெல்லாம் இது போதாத இடத்துக்கு மட்டும்.

இதிலும் இரண்டு தவறு நடந்தது. முதல் தவறு பைட் வரிசை. நம் டேப்லெட்டும் கம்ப்யூட்டரும் முழு எண்ணை நினைவகத்தில் லிட்டில் எண்டியனாக, சிறிய பைட் முதலில் வரும்படி வைக்கும். 2.55 ரூபாய் 255 பைசா: 255 0 0 0… 2.56 ரூபாய் 256 பைசா: 0 1 0 0… அப்படியே கீயில் எழுதினால் 2.56 முன்னால் போய் நிற்கும். கீ எழுதும்போது பெரிய பைட்டை முதலில் எழுதியே ஆகவேண்டும்.

இரண்டாவது, குறி பிட். 12.75 ரூபாய், அதாவது 1275 பைசா, பெரிய பைட் முதலில் எழுதினால் 0 0 0 0 0 0 4 251. மைனஸ் 12.75, இரண்டின் நிரப்பியில் (மைனஸ் முழு எண்ணைக் கணினி வைக்கும் வழக்கமான முறை), 255 255 255 255 255 255 251 5. மெம்கம்ப் பார்வையில் 255 பெரியது. ஆகவே எல்லா மைனஸ் கணக்கும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். முதல் பைட்டோடு 128-ஐ எக்ஸ்-ஆர் செய்தால், அதாவது முதல் பிட்டை மட்டும் திருப்பினால் போதும். பிளஸ் 128 0 0 0 0 0 4 251 ஆகும். மைனஸ் 127 255 255 255 255 255 251 5 ஆகும். வரிசை நேராகிவிட்டது.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் தன் டெசிமல் வகையை வட்டில் வைப்பதும் இதே புத்தியோடுதான். ஒன்பது இலக்கத்தை 4 பைட்டில் அடைக்கும். மிச்ச இலக்கத்துக்கு 1 முதல் 4 பைட் வரை. மொத்தம் 10 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2 என்றால் 5 பைட். அதில் 12.75 என்பது 128 0 0 12 75 என்று இருக்கும். முதல் பிட் திருப்பப்பட்டிருக்கிறது. -12.75 என்றால் எல்லா பிட்டும் திருப்பி 127 255 255 243 180. நீளமும் புள்ளியின் இடமும் காலத்துக்கும் மாறாது என்பதால் இங்கே வேறு எந்த அடையாளமும் வேண்டாம்.

அந்த “மாறாது” என்ற நிபந்தனைதான் கடையில் உடைந்தது. மல்லிக்கு விலை கிலோவுக்கு. எடை கிராம் வரை, அதாவது மூன்று இலக்கம். ரோஜாவுக்கு விலை கட்டுக்கு. தாமரைக்கு ஒரு பூவுக்கு. அந்த விலை 2.125 என்றும் வரும். நாள் சராசரி விலைக்கு நான்கு இலக்கம் கேட்டார்கள். எல்லா விலையும் ஒரே இன்டெக்ஸில் (வரிசைப்படுத்திய தேடல் பட்டியலில்) நிற்கவேண்டும், நாளைக்கு எந்த அலகு சேரும் என்பதும் தெரியாது. ஒரு பொதுப் பெருக்கத்தை, பத்தாயிரம் என்று, நிர்ணயிக்கலாம். ஐந்தாம் இலக்கம் ஒருநாள் வந்தால் இன்டெக்ஸ் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். 64 பிட்டின் எல்லை சுமார் 9.22 × 10-இன் 18-ஆம் அடுக்கு. பெருக்கம் கூடக்கூட அந்த எல்லையும் நெருங்கும்.

இங்கேதான் நீளம் மாறும் தசமக் கீ தேவைப்பட்டது.

தேர்ந்தெடுத்த முறை

கீ இரண்டு வாக்குறுதிகளைக் காப்பாற்றவேண்டும். சிறிய எண்ணின் கீ, பெரிய எண்ணின் கீக்கு முன்னால் வரவேண்டும். ஒரே மதிப்புக்கு ஒரே ஒரு கீதான் இருக்கவேண்டும். முதலாவதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 12.5-உம் 12.50-உம் எழுத்தில் வேறு, மதிப்பில் ஒன்று. 2008-இல் திருத்தப்பட்ட ஐ-ட்ரிபிள்-இ 754 தரத்தில் தசம வடிவங்கள் சேர்ந்தன, அதில்கூட 1.0, 1.00 இரண்டுக்கும் பிட் வடிவம் வேறு. அங்கே மூன்று இலக்கத்தை 10 பிட்டில் அடைக்கும் நெருக்கக் குறியீடு ஒன்று உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதில் அது அருமையானது, ஆனால் 8, 9 இலக்கங்கள் வரும் இடத்தில் பிட் வரிசை எண் வரிசையோடு ஒத்துப்போகாது. அதனால் அந்த வடிவத்தை நேராகக் கீயாக வைக்க முடியாது.

கையாண்ட முறை நூறு அடிமானம்: இரண்டிரண்டு இலக்கமாக ஜோடி சேர்ப்பது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் எஸ்க்யூலைட்4 என்ற சோதனைப் பதிப்பின் கீ வடிவத்தில் இருந்த ஜோடிக் குறியீடு இது. முதல் பைட்டை மட்டும் இந்தக் கடையின் தேவைக்கு ஏற்றபடி எளிமையாக்கியிருக்கிறது.

புள்ளியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் ஜோடியாகப் பிரிக்கவேண்டும். 1234.5 என்பது 12, 34, புள்ளி, 50. 5.25 என்பது 05, புள்ளி, 25. கடைசி ஒற்றை இலக்கத்துக்குப் பின்னால் பூஜ்யம் சேர்க்க மறந்தால் 0.5-உம் 0.05-உம் ஒரே கீ ஆகிவிடும். முதல் சோதனையிலேயே சிக்கிய பிழை இது. முன்னாலும் பின்னாலும் இருக்கும் வெற்று ஜோடிகளை (00) தூக்கிவிடவேண்டும். நடுவில் இருக்கும் 00-ஐத் தொடக்கூடாது.

பிறகு அடுக்கு. புள்ளிக்கு முன்னால் எத்தனை ஜோடி இருந்ததோ அதுதான் அடுக்கு. 1234.5-க்கு 2, 12.75-க்கு 1, 100-க்கு 01, 00 என்று இரண்டு ஜோடி, ஆகவே 2 (பின் வெற்று ஜோடியைத் தூக்கினாலும் அடுக்கு 2 தான்). 0.05-க்கு 0. புள்ளிக்குப் பின் உடனே ஒரு வெற்று ஜோடி வந்தால் -1: 0.005 என்பது 00, 50.

முதல் பைட்: பூஜ்யத்துக்கு 128. பிளஸ் எண்ணுக்கு 192 கூட்டல் அடுக்கு. மைனஸ் எண்ணுக்கு 64 கழித்தல் அடுக்கு. அடுக்கு -63 முதல் 63 வரை போகலாம். பிளஸ் 129 முதல் 255 வரையும், மைனஸ் 1 முதல் 127 வரையும் நிற்கும். 0 என்ற பைட்டை “மதிப்பு இல்லை” என்பதற்கு ஒதுக்கிவிட்டோம். 100-இன் 63-ஆம் அடுக்கு என்பது 10-இன் 126-ஆம் அடுக்கு. பூக்கடைக்கு இது அதிகமே. இதையும் தாண்டும் எண் வந்தால் எழுதும் நிரல் பிழை சொல்லி நிற்கவேண்டும்; சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு வேறு எண்ணாகிவிடக்கூடாது.

அடுத்து ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டால் பெருக்கு. பின்னால் இன்னொரு ஜோடி இருந்தால் 1 கூட்டு. கடைசி ஜோடி என்றால் கூட்டாதே. மைனஸ் எண் என்றால் ஜோடி பைட் ஒவ்வொன்றையும் 255-இலிருந்து கழித்து எழுது.

12.75-ஐப் போட்டுப் பார்ப்போம். அடுக்கு 1, முதல் பைட் 193. ஜோடி 12: இரட்டித்தால் 24, பின்னால் இன்னொன்று இருப்பதால் 25. ஜோடி 75: இரட்டித்தால் 150, கடைசி என்பதால் அப்படியே. கீ 193 25 150. மூன்றே பைட். மைனஸ் 12.75-க்கு முதல் பைட் 63. 255-இலிருந்து 25 போனால் 230. 150 போனால் 105. கீ 63 230 105.

வரிசையில் வைத்தால் இப்படி வரும்:

-1234.5 → 62 230 186 155
-12.75 → 63 230 105
-12 → 63 231
-0.05 → 64 245
0 → 128
0.005 → 191 100
0.05 → 192 10
0.5 → 192 100
5.25 → 193 11 50
12 → 193 24
12.7 → 193 25 140
12.75 → 193 25 150
100 → 194 2
1234.5 → 194 25 69 100

இடதுபக்கத்தை மறைத்துவிட்டு வலதுபக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தாலும் ஏறுவரிசை தெரியும். 12, 12.00, 012 எல்லாம் 193 24 மட்டுமே. -0 என்று எந்தக் கணக்கு வந்தாலும் 128.

ஏன் அந்த ஒற்றைப்படை–இரட்டைப்படை வித்தை

“இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு” என்பதைத் தேவையற்ற வேலை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. ஜோடியை அப்படியே எழுதினால் 12 என்பது 193 12, 12.75 என்பது 193 12 75. குட்டையானது முன்னால் என்ற விதிப்படி பிளஸ் பக்கம் சரியாகவே தெரியும். அதனால்தான் இந்தப் பிழை சோதனையில் தப்பிவிடுகிறது.

மைனஸ் பக்கம் திரும்பிப் பாருங்கள். -12 என்பது 63 243, -12.75 என்பது 63 243 180. குட்டையானது முன்னால் என்பதால் -12 முதலில் வரும். ஆனால் -12.75 தான் சிறியது. பிட்டுகளைத் திருப்பினோம், “முடிந்துவிட்டது” என்ற செய்தியைத் திருப்பவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தி எந்த பைட்டிலும் இல்லை, நீளத்தில் இருந்தது.

பிளஸ் பக்கமும் தனியாக இருக்கும்வரைதான் பத்திரம். இன்டெக்ஸில் நிலுவை மட்டும் இருப்பதில்லை. அதன் பின்னால் விவசாயி எண் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் ஒரே நிலுவை உள்ள இருவர் ஒருவரை ஒருவர் அழித்துவிடுவார்கள். 12 ரூபாய் நிலுவை, விவசாயி எண் 200: 193 12 200. நிலுவை 12.75, விவசாயி எண் 3: 193 12 75 3. மூன்றாம் பைட்டில் 75-உம் 200-உம் மோதுகின்றன. ஒன்று பைசா, மற்றொன்று ஆளின் எண். 12.75 முன்னால் போய்விட்டது. விவசாயி எண்கள் 75-க்குக் கீழே இருந்த காலம்வரை இந்த மோதல் தெரியவே தெரியாது. கடை வளர்ந்தபிறகு ஒருநாள் திடீரென்று பட்டியல் குழம்பும், அன்றைக்கு யாரும் நிரலைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஒற்றைப்படை என்றால் “இன்னும் உண்டு”, இரட்டைப்படை என்றால் “முடிந்தது”. இது பைட்டுக்குள்ளேயே இருப்பதால், 255-இலிருந்து கழிக்கும்போது செய்தியும் சேர்ந்து திரும்புகிறது. எந்தக் கீயும் மற்றொரு கீயின் முன்பகுதியாக இருக்காது. பின்னால் எதை ஒட்டினாலும் எண்ணின் வரிசை கலையாது. கூடுதலாக ஒரு லாபம்: எந்த எண்ணின் கீயிலும் 0 என்ற பைட் வராது. பிளஸ் எண்ணின் நடுவிலுள்ள 00 ஜோடி 1 ஆகிறது, கடைசி ஜோடி வெற்றாக இருக்கமுடியாது, மைனஸ் பக்கம் மிகச் சிறிய ஜோடி பைட் 255-இல் 199 போக 56.

வேகம் எங்கிருந்து வருகிறது

ஒரு லட்சம் பதிவை வரிசைப்படுத்த ஏறக்குறைய 17 லட்சம் ஒப்பீடு நடக்கும். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரண்டு தசம எண்ணை அவிழ்த்து, புள்ளியை நேர்ப்படுத்தி, தேவைப்பட்டால் பத்தால் பெருக்கி, குறியைப் பார்த்து, பிறகு விடை சொல்வது என்றால் அந்த வேலை 17 லட்சம் முறை நடக்கிறது. கீ முறையில் அவிழ்க்கும் வேலை எழுதும்போது ஒரு லட்சம் முறை மட்டும். மிச்சமெல்லாம் பைட் ஒப்பீடு.

இன்னும் ஒரு படி போகலாம். கீயின் முதல் 8 பைட்டை, குறைந்தால் பூஜ்யம் நிரப்பி, பெரிய பைட் முதலில் வரும்படி ஒரு 64 பிட் குறியற்ற முழு எண்ணில் ஏற்றிக்கொண்டால், ஒப்பீடு ஒரே இயந்திரக் கட்டளை. முதல் பைட் போக 7 ஜோடி, அதாவது 14 இலக்கம். பைசாவுக்கு ஒரு ஜோடி போனாலும் ரூபாய்க்கு 12 இலக்கம் மிஞ்சும். கடையின் எந்த நிலுவையும் இதற்குள் அடங்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் 9.5 பதிப்பிலிருந்து நியூமெரிக் வகையை சார்ட் செய்யும்போது இதே தத்துவத்தைக் கையாளுகிறது: உள்ளே பத்தாயிரம் அடிமானத்தில் நீளமாக இருக்கும் எண்ணுக்குச் சுருக்கக் கீ ஒன்று செய்து, அதை முதலில் ஒப்பிடும், சமமாக வந்தால் மட்டும் முழு எண்ணைத் தொடும்.

சொந்த ஒப்பீட்டு நிரலைக் கிடங்கில் பதிந்துவிட்டால் இவ்வளவும் வேண்டாமே என்று கேட்கலாம். முடியும், லெவல்டிபி அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த ஒப்பீட்டு நிரலின் பெயரைத் தரவோடு எழுதிவைத்து, வேறு பெயரோடு திறக்க வந்தால் மறுத்துவிடும். நகல் எடுக்கும் கருவி, பழுது பார்க்கும் கருவி, கம்ப்யூட்டரில் ஓடும் அறிக்கை நிரல் எல்லாவற்றிலும் அதே ஒப்பீட்டை அதே மாதிரி எழுதவேண்டும். ஒன்றில் சிறு வித்தியாசம் வந்தாலும் தரவு அங்கேயே இருக்கும், தேடினால் கிடைக்காது. பைட் வரிசை எல்லாக் கருவிக்கும் தெரிந்த வரிசை. எங்கள் தேர்வு அதுதான்.

செயல்படுத்தியபோது நடந்தவை

டேப்லெட் பக்கத்து நிரல் கோட்லின் மொழியில். அங்கும் ஜாவாவிலும் பைட் என்பது -128 முதல் 127 வரை. சோதனை நிரலில் பைட்டுகளை நேராக ஒப்பிட்டதால் 193 என்பது -63 ஆகி, பிளஸ் எண்கள் முன்னால் வந்தன. கிடங்கின் வரிசை சரி, சோதனையின் வரிசை தவறு. சரியான நிரலைத் திருத்திக் கெடுக்கும் அளவுக்கு இது குழப்பியது. ஒப்பிடும்போது ஒவ்வொரு பைட்டையும் 255-ஓடு அண்ட் செய்து 0 முதல் 255 வரையிலான எண்ணாக்க வேண்டும். அல்லது ஜாவா 9-இல் வந்த குறியற்ற ஒப்பீட்டைப் பயன்படுத்தவேண்டும். பைத்தானில் பைட் தொடர் ஒப்பீடு இயல்பாகவே குறியற்றது.

ஜாவாவின் தசம எண் வகையான பிக்டெசிமலில் 2.0-உம் 2.00-உம் ஈக்வல்ஸ் என்ற ஒப்பீட்டைக் கேட்டால் வேறு, கம்பேர்-டூ என்ற ஒப்பீட்டைக் கேட்டால் சமம். சோதனையில் எப்போதும் இரண்டாவதையே கேட்கவேண்டும்.

நிலுவை மாறும்போது கீயும் மாறுகிறது. பழைய கீயை அழிப்பதும் புதியதை எழுதுவதும் ஒரே பரிவர்த்தனையில் நடக்கவேண்டும். நடுவில் மின்கலம் தீர்ந்தால் ஒரே விவசாயி இரண்டு நிலுவையோடு பட்டியலில் நிற்பார். பழைய கீயைக் கண்டுபிடிக்க, பதிவில் இருக்கும் பழைய நிலுவையைக் கிடங்கிலிருந்து படித்தே கீ செய்யவேண்டும். திரையில் நின்ற எண்ணை நம்பக்கூடாது.

வெற்று ஜோடிகளைத் தூக்குவதால் 12.00 திரும்பி வரும்போது 12 என்றே வரும். காட்டும்போது எத்தனை இலக்கம் என்பது அலகோடு சேர்ந்த விவரம்: ரூபாய்க்கு 2, எடைக்கு 3. அதைக் கீயில் திணிக்காமல் வேல்யூ பக்கம் வைத்தார்கள்.

சராசரி விலை வகுத்தலில் பிறக்கிறது. 100-ஐ 3-ஆல் வகுத்தால் முடிவே இல்லை. கீக்குப் போகுமுன் நான்கு இலக்கத்துக்கு முழுமையாக்கும் விதி ஒரே இடத்தில் இருக்கவேண்டும். ஒரு திரை பாதியை மேலே தள்ளி, மற்றொரு திரை வெட்டிவிட்டால், ஒரே சராசரிக்கு இரண்டு கீ உண்டாகும். இரண்டாவது வாக்குறுதி அங்கே உடைகிறது.

துண்டாக எடுப்பது

“5,000-க்கு மேல் பாக்கி” என்றால் நிலுவை -5000-ஐவிடச் சிறியது. -5000: ஜோடி 50, 00, பின் வெற்றைத் தூக்கினால் 50 மட்டும், அடுக்கு 2. கீ 62 155. கிடங்கில் 1 என்ற பைட்டிலிருந்து தொடங்கி 62 155 வருமுன் நிறுத்தினால் விடை. சரியாக 5,000 பாக்கி உள்ளவரும் வேண்டும் என்றால் 62 156 வருமுன் நிறுத்தவேண்டும். 62 155-க்குப் பின் எந்த விவசாயி எண் ஒட்டியிருந்தாலும் 62 156-க்குக் கீழேதான். ஒரு பைசா கூடுதல் பாக்கி, -5000.01, சரியாக விழுகிறதா என்று பார்க்கலாம்: ஜோடிகள் 50, 00, 01, பைட்டுகள் 101, 1, 2, திருப்பினால் 154 254 253. கீ 62 154 254 253. 155-க்கு முன்னால் நிற்கிறது. நடுவிலுள்ள 00-ஐத் தூக்கியிருந்தால் இது -50.01-இன் ஜோடிகளோடு ஒன்றிப்போய், ஐந்தாயிரத்து ஒரு ரூபாய் பாக்கி என்ற பொருளுக்குப் போயிருக்கும்.

கடை அதிகம் தரவேண்டியவர் முதலில் வேண்டுமென்றால் தனி இன்டெக்ஸ் தேவையில்லை; கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்தால் போதும்.

சோதனையும் மாற்றமும்

எல்லை எண்கள் 25-ஐ எடுத்தார்கள்: 0, ±0.01, ±0.05, ±0.5, ±0.99, ±1, ±9.99, ±10, ±12, ±12.75, ±99.99, ±100, ±5000.01. இவற்றில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 300 ஜோடி. எண்ணாக ஒப்பிட்ட விடையும் பைட்டாக ஒப்பிட்ட விடையும் 300 இடத்திலும் ஒத்துப்போகவேண்டும். அடுத்து ஒவ்வொரு கீக்கும் பின்னால் 1, 200, 255 என்ற பைட்டுகளை மாற்றி மாற்றி ஒட்டி அதே 300. முடிவு அடையாளம் இல்லாத பழைய வடிவம் மைனஸ் பக்கத்தில் முதல் சுற்றிலேயே விழுந்தது, பிளஸ் பக்கத்தில் இந்த இரண்டாம் சுற்றில்தான் விழுந்தது. பிறகு கீயை அவிழ்த்து மறுபடி கட்டினால் அதே கீ வருகிறதா என்ற சோதனை. கடைசியாக, தற்போக்கில் உருவாக்கிய ஒரு லட்சம் எண்களை இரண்டு வழியிலும் வரிசைப்படுத்தி ஒன்றோடொன்று பொருத்துவது.

பழைய தரவை மாற்றும்போது எழுத்திலிருந்து நேராகத் தசமத்துக்கு. காற்புள்ளி, ரூபாய்க் குறி, இடைவெளி நீக்கி, மைனஸ் எண்ணின் பின்னால் எழுதப்பட்டிருந்தால் முன்னால் கொண்டுவந்து, பிறகு ஜோடி பிரிப்பது. நடுவில் டபுளைத் தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண். டபுள் காலத்தில் எழுதிய பதிவுகளுக்கு மட்டும், இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கி, அன்றைய சிட்டைகளின் கூட்டுத்தொகையோடு பொருத்தி, பொருந்தாதவற்றைக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்தார்கள்.

நிலுவை இன்டெக்ஸ் இன்றும் பைசாவில் 64 பிட் முழு எண்தான். அதற்கு அது போதும், எழுதுவதும் எளிது. ஜோடிக் கீ இருப்பது விலை, எடை, சராசரி மூன்றும் கலந்து நிற்கும் இன்டெக்ஸில் மட்டும். பாக்கித் துண்டுக்கு மேலே காட்டிய எண்கள் இரண்டு வடிவத்திலும் ஓட்டிப் பார்க்கப்பட்டன. இரண்டும் அதே விவசாயிகளை அதே வரிசையில் தந்தன.